லயனல் வென்டின் ஒளிப்படக் கலை: உடலும் பார்வையும்

இலங்கை ஒளிப்படக் கலை வரலாற்றில் லயனல் வென்ட் (1900–1944) தனியிடம் பெறுபவர். கொழும்பில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்த இவர், இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் தாயகம் திரும்பினார். வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, முதலில் இசையிலும் பின்னர் ஒளிப்படத்திலும் ஈடுபட்டார்.

ஒளிப்படம் மெய்ம்மையின் நகல் மட்டுமே என்னும் கருத்தை இவர்தம் படைப்புகள் மறுக்கின்றன. இருட்டறையில் பாதி துலங்கிய படத்தின்மீது ஒளி பாய்ச்சி, கருமை வெண்மைகளை ஓரளவு தலைகீழாக்கும் உத்தியைக் கையாண்டார். பல படங்களை ஒன்றாக இணைத்தார். ஆடையற்ற ஆணுடலை அழகின் பொருளாக்கியது அக்கால ஒழுக்க மரபுக்கு அறைகூவலாயிற்று.

1943இல் ஓவியர்களின் '43 குழு' உருவாகத் துணைநின்றார். இவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டமையால், எஞ்சிய அச்சுப்படங்கள் வழியாகவே இவர் கலை அறியப்படுகிறது. 1950இல் அவை நூலாக வெளிவந்தன. 1953இல் இவர் பெயரால் கொழும்பில் அரங்கம் திறக்கப்பட்டது.

குடியேற்ற ஆட்சிக்கால 'இனவகை'ப் படங்கள் உழைப்பாளியை வெறும் மாதிரியாக்கின. வென்ட் அவ்வுடலுக்கு அழகும் கண்ணியமும் தந்தார். ஆயினும் அவர் படங்களில் உள்ளோர் பலர் இன்றும் பெயரின்றியே நிற்கின்றனர்.

தாப்பா வட்டார முன்னாள் இரப்பர்த் தோட்டக் குடும்பங்களின் பழைய படங்களை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியர், 'படத்தில் என்ன உள்ளது?' என்பதோடு, 'எடுத்தவர் யார்? நிற்பவர் பெயர் என்ன?' என்றும் வினவுதல் வேண்டும். பெயர் சொல்லவல்ல முதியோர் உள்ளபோதே அதனைப் பதிந்து வைத்தல் நம் முதற்பணியாகும்.