மளிகைச் சீட்டும் மனச்சாட்சியும்

ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும். அதோடு சேர்க்கும் கருப்பட்டி, செக்குக் கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் விலையில் ஏறும். பிண்ணாக்கு விற்ற காசை மட்டும் கழித்துக்கொள்ளலாம். எள் கிலோ என்ன விலை என்று தெரிந்தவர், அந்த இரண்டரைக் கிலோவின் விலையைவிட மிகக் குறைவாக ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ என்று ஒரு பாட்டில் அலமாரியில் நின்றால், உள்ளே வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று உடனே ஊகித்துவிடுவார். கருப்பட்டியும் அப்படித்தான். பதநீருக்காகப் பனையேறுபவர் ஒவ்வொரு மரத்திலும் தினம் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். இறக்கிய பதநீரை மணிக்கணக்கில் காய்ச்ச விறகு வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை ஒட்டிய விலையில் ஒருவர் கருப்பட்டி விற்றால், அதில் பெரும்பங்கு சர்க்கரைப் பாகு என்றுதான் கொள்ள வேண்டும்.

வீட்டுக்குச் சாமான் வாங்கும் தாய் தகப்பனுக்குக் கவலை இரண்டு. சம்பளப் பணம் மாதக் கடைசிவரை நிற்க வேண்டும். பிள்ளைகள் உண்பதும் உடுத்துவதும் இன்னொருவர் வயிற்றில் அடித்து வந்ததாக இருக்கக் கூடாது. நியாயம் பார்த்து வாங்குவது வசதி உள்ளவர்களுக்குத்தான் கட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சில பொருள்களில் அது உண்மைதான். பெரும்பாலானவற்றில் இல்லை. ஒரு பொருளை உருவாக்க என்ன செலவாகும் என்று அறிந்தவர் தாமும் ஏமாறமாட்டார், அடுத்தவரை ஏமாற்றித் தயாரித்ததையும் எளிதில் அடையாளம் காண்பார்.

சிக்கனமும் நியாயமும் ஒரே கடையில் பிறந்த கதையும் உண்டு. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கைக்காசு சேர்த்துச் சின்னதாக ஒரு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளர்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி என்று சில சாமான்கள்தான் சரக்கு. மாவில் சுண்ணாம்புத்தூள் கலந்து விற்ற காலம் அது. கலப்படம் கூடாது, எடை சரியாக இருக்க வேண்டும், கடன் கிடையாது, கிடைக்கும் லாபத்தில் வாங்கியவர்களுக்கே பங்கு என்று அவர்கள் விதி வகுத்தார்கள். சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தக் கூட்டுறவு வழியில் வந்தது. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றை இன்றும் கூட்டுறவுச் சங்கங்கள்தான் நடத்துகின்றன. அருகில் நல்ல கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தால், மளிகையை அங்கே வாங்குவது பர்சுக்கும் நல்லது, பழைய நோக்கத்துக்கும் நல்லது.

பாக்கெட் சாமானில் கண்ணை எங்கே வைப்பது என்பது தனிப் பாடம். சமையல் எண்ணெய், பிஸ்கட், தேயிலை போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த விதியை நீக்கியது. அதனால்தான் எண்ணெய் 850 மில்லி போன்ற விநோதமான அளவுகளில் வருகிறது. நீக்கியதற்கு ஈடாக அதே திருத்தம் இன்னொன்றைக் கொடுத்தது. ஒரு கிராம், ஒரு கிலோ, ஒரு மில்லி, ஒரு லிட்டர் என்ன விலை என்பதை, எம்.ஆர்.பி.யோடு சேர்த்துப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். இந்தச் சின்ன எழுத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. 150 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாக்கெட்டும் 132 ரூபாய்க்கு 850 மில்லி பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்ததும் கை இரண்டாவதை நோக்கிப் போகும். கணக்குப் போட்டால் அது லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதல். லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொள்வது அடுத்த வழுக்கல். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான்.

சிக்கனமும் நியாயமும் உண்மையிலேயே மோதும் இடம் ஷாம்பு சாஷே. அன்றாடக் கூலியில் வாழும் வீடுகளுக்கும் ஷாம்பு எட்டியது இந்தச் சின்னப் பாக்கெட்டால்தான். அந்தப் புரட்சி கடலூரிலிருந்து கிளம்பியது. பெரிய பாட்டிலைவிட மில்லி கணக்கில் சாஷேதான் மலிவு என்பதும் பல சமயம் உண்மை. ஆனால் அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர்கூட வாங்கமாட்டார். சாக்கடையை அடைப்பதும் மாடு மேய்வதும் அதுதான். கையில் காசு இருக்கும் குடும்பம் பாட்டில் வாங்கலாம். இல்லாத குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பையைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலே கிடையாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. வண்டிப் பெட்டியில் மடித்து வைத்த துணிப்பை ஒன்று பல வருஷம் உழைக்கும்.

காய்கறிக்கு உழவர் சந்தையை மிஞ்சிய ஏற்பாடு குறைவு. முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிதான் அங்கே விற்கலாம், தரகர் கிடையாது. அன்றன்றைய விலை வாசல் பலகையில் எழுதப்படும். மொத்த விலையைவிடச் சற்றுக் கூட, வெளிச் சில்லறை விலையைவிடச் சற்றுக் குறைய என்பதே விலை வைக்கும் முறை. கத்தரிக்காய் கிலோவுக்கு வாங்குபவர் மிச்சம் பிடிக்கும் காசும், விளைவித்தவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் காசும் ஒரே இடத்திலிருந்து, அதாவது இடையில் நின்றவரின் பங்கிலிருந்து வருகின்றன. விடிந்ததும் போனால் நல்ல காய் கிடைக்கும் என்பது ஒன்றுதான் இதில் சிரமம்.

துணிதான் கடினமான பகுதி. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷின் சவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தும், தையல் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். பக்கத்திலேயே பார்த்தால், மேற்குத் தமிழ்நாட்டின் நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைத்து வைத்து, கல்யாணச் செலவுக்கு முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய வழக்கம் இருந்தது. இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறிய பெண்களில் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீர் பாசனத்துக்கே உதவாமல் போனது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மறுபடி இயங்க முடிந்தது. அந்தச் சுத்திகரிப்புச் செலவு பனியன் விலையில் ஏறத்தான் செய்யும். ஏறாத விலையில் விற்கும் பனியனுக்கு அந்தச் செலவை எங்கோ ஓர் ஆறு கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடையில் நிற்கும் பெற்றோருக்கு இதையெல்லாம் சரிபார்க்க வழி இல்லை. விலை கூடிய பிராண்டு என்பதால் தைத்தவருக்குக் கூலி கூடிவிடாது. கையில் உள்ள உறுதியான வழி, குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துவது. வளரும் பிள்ளையின் சீருடையில் கால்சட்டை விளிம்பை உள்ளே நாலு விரல் மடித்துத் தைக்கச் சொல்வது பழைய அம்மாக்களின் வழக்கம். ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால், உயரம் கூடினாலும் அதே கால்சட்டை தாங்கும். அக்காவின் பாவாடை தங்கைக்கு, அண்ணனின் சட்டை ஒன்றுவிட்ட தம்பிக்கு என்று போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல நாளுக்கு என்று எடுப்பதைக் கைத்தறியாக எடுக்கலாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறது. பட்டுப்புடவையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்துத் தந்த நிறுவனம் அது. தீபாவளியையொட்டிக் கிடைக்கும் 30 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால் கைத்தறியும் எட்டாத விலை அல்ல.

தள்ளுபடி என்றதும் ஆடி நினைவுக்கு வரும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஜவுளி வியாபாரம் மந்தம், ஆகவே தேங்கிய சரக்கைத் தள்ள வந்த வழக்கம் இது. உண்மையான தேவை இருந்தால் ஆடியில் வாங்குவது கெட்டிக்காரத்தனம். ஆனியிலேயே கடைக்குப் போய் அதே பொருளின் விலையைக் குறித்து வைத்துக்கொண்டால், தள்ளுபடி மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்புக்கும் இந்த விழிப்பு தேவை. வட்டி பூஜ்யம் என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவை விட்டுக்கொடுப்பதோ, செயலாக்கக் கட்டணமோதான் அந்த வட்டி.

மின்சாதனங்களில் கூடுதல் விலை திரும்பி வரும். பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில் ஓடும். தினம் பத்து மணி நேரம் சுற்றினால் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படி ஒன்றின் கட்டணமும் சேர்ந்து உயரும் தமிழ்நாட்டில், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இது பெரிய தொகை.

இவ்வளவு பார்த்து வாங்கியும் பொருள் பழுதாக இருக்கலாம், எம்.ஆர்.பி.க்கு மேல் பணம் கேட்கப்படலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கேட்கப்படும் முதல் ஆவணம் பில். கடைகளில் கிழித்துத் தரும் வழுவழுப்பான பில்லில் எழுத்து சூட்டில் பதிவது, சில மாதங்களில் வெளிறிப்போகும். வாரண்டி உள்ள பொருளின் பில்லை வீட்டுக்கு வந்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிட வேண்டும்.