விடையை மூடி வைத்துக் கேளுங்கள்!

எங்கள் வீடு பல்லாவரத்தில். மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், காக்கையை விரட்டிக்கொண்டே விமானங்களையும் எண்ணலாம். மீனம்பாக்கம் அத்தனை பக்கம். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த என் மூத்த மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, "அம்மா, நான் பைலட் ஆகப் போறேன்" என்றாள்.

"குக்கர் விசில் அடிச்சாலே நான் பயப்படுற வீடு இது. இவ ஆகாசத்துக்குப் போறாளாமா?" என்றார் என் மாமியார்.

"பாட்டி, 1951-லேயே உஷா சுந்தரம்னு ஒருத்தர், மதராஸ் அரசாங்கத்துக்கு வாங்கின விமானத்தை வீட்டுக்காரரோட சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துல ஓட்டிக்கிட்டு வந்தாங்க. தெரியுமா?" என்றாள் பேத்தி. மாமியார் அதற்கு மேல் பேசவில்லை.

என் கணவர்தான் யோசித்தார். "ஊர்ல அப்பா விட்டுட்டுப் போன மனையை வித்தாத்தான் பறக்கிற பயிற்சிக்குப் பணம் கட்ட முடியும். முதல்ல எழுத்துப் பரீட்சைகளைப் பாஸ் பண்ணட்டும், அப்புறம் மனையைப் பத்திப் பேசலாம்" என்றார். பயிற்சி வகுப்புக்கு மட்டும் என் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

சகோதரிகளில் பலருக்கு இந்தப் பரீட்சைகள் புதிதாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. டி.ஜி.சி.ஏ. என்று சொல்லப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நடத்துகிறது. வானத்தில் பின்பற்ற வேண்டிய விதிகள், வழி கணிக்கும் நாவிகேஷன், வானிலை, விமானத் தொழில்நுட்பம் பொதுவாக ஒன்று, ஓட்டப் போகும் குறிப்பிட்ட விமானத்தைப் பற்றி ஒன்று என்று பாடங்கள். கேள்விக்குக் கீழே விடைகள் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரில் சரியானதைத் தொட வேண்டும். நூற்றுக்கு 70 வாங்கினால்தான் பாஸ். இவை போக, ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு உண்டு.

இவற்றுக்கெல்லாம் 'வினா வங்கி' என்று தலையணை கனத்தில் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான கேள்விகள், கடைசியில் விடைகள். என் மகள் வானிலைப் பாடத்துக்கு அப்படி ஒன்றை வாங்கி, முழுவதையும் இரண்டு முறை போட்டாள். மூன்றாம் முறை தனக்குத்தானே மார்க் போட்டுப் பார்த்ததில் 95 வந்தது. நானும் நிம்மதியாகப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

பரீட்சையில் வந்தது 64.

சொன்ன பதில் எல்லாம் 'சி'

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அறைக் கதவு சாத்தியே இருந்தது. என் கணவர் கோபப்படவில்லை. ஆனால், "மனையை வாங்க வந்தவருக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். பி.காம். சேர்ந்து படிக்கட்டும்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. பிள்ளை ஆசைப்பட்ட ஒன்றை நாமே மூட்டை கட்டி வைக்கிறோமே என்று இரவு முழுவதும் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கத்தியைப் பிடி கண்ணு, நீ நறுக்கு. நான் உன் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்கிறேன்" என்றேன்.

"உனக்கு என்னம்மா புரியும்?"

"எனக்குப் புரிய வேண்டாம். வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்."

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் வாசிப்பேன். நான் பாதி வாசிப்பதற்குள் அவள் 'பி' என்பாள், 'சி' என்பாள். பத்துக்குப் பத்தும் சரி. பதினோராவது கேள்வியில் என் கண்ணாடி சரிந்து, வரி மாறி, விடைகளைக் கீழிருந்து மேலாக வாசித்துவிட்டேன். அவளோ வழக்கம்போல "சி" என்றாள். நான் வாசித்த வரிசையில் மூன்றாவதாக வந்தது தவறான விடை.

"ஏன் சி?" என்றேன்.

பீன்ஸ் நறுக்குவது நின்றது. அவளிடம் பதில் இல்லை. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவள் வானிலையைப் படிக்கவில்லை, அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறாள்! எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எந்த எழுத்து என்று கண் பழகிவிட்டது. அந்த 95 மார்க்கும் கண்ணின் ஞாபகத்துக்குக் கிடைத்ததுதான்.

தலைகீழாக வந்த கேள்வி

பரீட்சையில் தவறவிட்ட ஒரு கேள்வியை அவளே பிறகு எனக்கு விளக்கினாள். விமானத்தில் உயரமானி என்று ஒரு கருவி உண்டு. ஆல்டிமீட்டர் என்பார்கள். அது நாடா பிடித்து உயரத்தை அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, அதை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடி மெத்தை அமுங்கிக் கிடக்கும், மேல் மெத்தை உப்பலாக இருக்கும் அல்லவா? காற்றும் அப்படித்தான். மேலே போகப் போக அழுத்தம் குறையும். தரைக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் ஏறக்குறைய 30 அடி ஏறிவிட்டதாக அந்தக் கருவி காட்டும்.

அழுத்தம் 1015 உள்ள ஊரில் அந்த எண்ணைக் கருவியில் வைத்துக்கொண்டு விமானம் புறப்படுகிறது. போய்ச் சேரும் இடத்தில் அழுத்தம் 1000 தான். விமானி எண்ணை மாற்ற மறந்தால், உண்மையில் இருக்கும் உயரத்தைவிட சுமார் 450 அடி கூடுதலாகக் கருவி காட்டும். அதாவது, உயரத்தில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தாழ்வாகப் பறப்பார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பரங்கிமலையே சுமார் 300 அடிதான் என்றால், இது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வினா வங்கியில் கேள்வி இப்படித்தான் இருந்தது. பரீட்சையிலோ, குறைந்த அழுத்தத்திலிருந்து கூடுதல் அழுத்தத்துக்குப் போவதாகத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். பார்த்த முகம்தானே என்று இவள் பழைய விடையையே தொட்டுவிட்டு வந்தாள்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "கண்ணு, மார்க் போனால் போகட்டும். நாளைக்கு உன் பின்னால நூத்தம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்களே" என்றேன். அன்று இரவு என் கணவரிடம் பேசி, இன்னும் ஒரு முறை எழுதட்டும் என்று மூன்று மாதம் அவகாசம் வாங்கினேன்.

நாங்கள் மாற்றிக்கொண்ட முறை

வினா வங்கியைத் தூக்கிப் போடவில்லை. உபயோகித்த விதத்தைத்தான் மாற்றினோம்.

முதலில் பாடம், பிறகுதான் கேள்வி. மூடுபனி பற்றிய பாடத்தைப் பாடப் புத்தகத்தில் படித்து முடித்த பிறகே, வினா வங்கியில் மூடுபனிப் பக்கத்தைத் திறக்கலாம்.

இரண்டாவது, விடைகளை மூடிவிட வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்து நான்கு விடைகளையும் மறைத்துவிடுவோம். கேள்வியை மட்டும் பார்த்துத் தன் வாயால் பதில் சொன்ன பிறகே அட்டையை எடுப்பேன். நானும் வேண்டுமென்றே வரிசை மாற்றி வாசிப்பேன்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். சரியான விடையைச் சொன்னால் மட்டும் போதாது, மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் சொல்ல வேண்டும். இதனால் ஒரு நாளைக்கு 100 கேள்வி போட்டவள் 30 தான் போட்டாள். ஆனால் அந்த முப்பதும் நின்றது.

நான்காவது, தவறுகளுக்கு ஒரு நோட்டு. தெரியாமல் போனது சிவப்பு மை. 'இல்லை', 'தவிர' போன்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டது நீலம். கணக்கில் சறுக்கியது பென்சில். இரண்டு வாரத்தில் பார்த்தால் நீலம்தான் அதிகம்! பாதித் தவறு அவசரத்தால் வந்திருக்கிறது. தவறிய கேள்வியை மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை மீண்டும் கேட்பேன்.

ஐந்தாவது, பார்க்காத கேள்விகள் கொஞ்சம் கைவசம் வேண்டும். ஊறுகாய் ஜாடியை எடுத்து வைப்பதுபோல் வேறொரு புத்தகத்தில் 100 கேள்விகளைத் தொடாமல் வைத்திருந்தோம். பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு கடிகாரம் வைத்து, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அவற்றை எழுதினாள். அந்த மார்க்தான் நம்பத் தகுந்த மார்க். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதவும் பழகிக்கொண்டாள்.

இன்னொரு எச்சரிக்கை: அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று நம்பக் கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 1934-ஆம் வருஷத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக, 2024-இல் இயற்றிய 'பாரதீய வாயுயான் அதிநியம்' என்ற புதுச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சான வினா வங்கியில் பழைய சட்டத்தின் பெயர்தானே இருக்கும்? ஆகவே வாங்கும்போது பதிப்பு வருஷத்தைப் பாருங்கள். விடையில் சந்தேகம் வந்தால் மூலப் புத்தகத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.

கேட்கிறவளுக்கும் லாபம்

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கும் நாலு விஷயம் தெரிந்தது. "ஈரக் காற்று கனமா, காய்ந்த காற்று கனமா?" என்று ஒரு கேள்வி. ஈரத் துணி கனம், ஆகவே ஈரக் காற்றுதான் கனம் என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். காற்றில் கலந்திருக்கும் நீராவி, காற்றின் மற்ற வாயுக்களைவிட லேசானதாம். அதனால் ஈரக் காற்றுதான் லேசு. காற்று லேசாக இருந்தால் இறக்கைக்குத் தாங்கல் குறையும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த மத்தியானத்தில் விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். நம் சென்னைக்கு ஏற்ற பாடம்!

மேகமில்லாத வானம், மெல்லிய காற்று, ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் விடியற்காலையில் தரை குளிர்ந்து மூடுபனி இறங்கும். அதோடு போகிப் புகையும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமானதும் திருப்பி விடப்பட்டதும் நினைவிருக்கும். இதை எனக்குப் புரியும்படி விளக்கியபோதுதான் தனக்கே முழுசாகப் புரிந்தது என்றாள்.

கேள்வி கேட்பது மார்க்கை அளக்க மட்டுமல்ல, மனதில் பதியவும் உதவுகிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், மாணவர்களில் சிலரை ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவும், சிலரைப் படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் பாட்டிமார் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னது சும்மா இல்லை!

உடம்பையும் கவனியுங்கள்

முதல் முறை அவள் இரவு இரண்டு மணி வரை விழித்தாள். காபி குடித்துக் குடித்து வயிறு கெட்டது. இந்த முறை பத்தரைக்கு விளக்கை அணைத்தேன். படித்தது மனதில் தங்கத் தூக்கம் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, மாடிக்குப் போய் தூரத்தில் பார்க்கச் சொல்வேன். பரீட்சையன்று விரதம் வேண்டாம், புதுப் பலகாரமும் வேண்டாம். வழக்கமான இட்லி, கூடவே ஒரு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். தூக்கம் வராமலிருக்க மாத்திரை தேடுவதெல்லாம் கூடவே கூடாது. பைலட் ஆகிறவர்களுக்கு உடல் தகுதிப் பரிசோதனையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் முறை வானிலையில் 82 வந்தது. உயரமானிக் கேள்வி மறுபடியும் வந்ததாம், இன்னொரு வேஷத்தில். ஓரத்தில் படம் போட்டுப் பார்த்துவிட்டு விடையைத் தொட்டேன் என்றாள். நாவிகேஷன் இன்னும் பாக்கி இருக்கிறது. 60 மைல் போன பிறகு 1 மைல் விலகியிருந்தால், புறப்படும்போதே 1 டிகிரி தவறு என்று இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புள்ளிக் கோலம் போடுகிறவளுக்கு இது புரியாதா என்ன?

என் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஆனால் மனையை வாங்க வந்தவரிடம் என் கணவர், "நாலு மாசம் பொறுங்க, நல்ல பதிலாச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்பதில்லை. பாங்க் பரீட்சை, டாக்டர் நுழைவுத் தேர்வு, எதுவாகவும் இருக்கட்டும். நமக்குப் பாடம் தெரியவில்லையே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். விடையை மூடிவிட்டு, "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், சகோதரிகளே!