பிடிமண் யார் கொடுத்தது? புது ஆற்றுச் சுவரில் வரைவதற்கு முன்னால்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோட் ஸ்டூடியோவில் இருந்து இல்லை. தஞ்சாவூரில், பெரிய கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், புது ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், பொறுத்துக்கோங்க.

மே மாதம். ஆற்றில் ஓட்டம் இல்லை. அங்கங்கே தேங்கின தண்ணி, நாலு கொக்கு, பிளாஸ்டிக் பை. ரெண்டு பக்கமும் சரிவான கான்கிரீட் கரை, வெயில்ல பளிச்சுன்னு கிடக்குது. நம்ம லிஸனர் ஒருத்தர், தஞ்சாவூர்க்காரர், கல்லூரி முடிச்சு இப்போதான் வேலைக்குப் போறவர், இந்தக் கரையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "ஊர் நடுவுல இவ்ளோ பெரிய சுவர் சும்மா கிடக்கு, ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து வரையலாம்னு இருக்கோம், எங்க ஆரம்பிக்கிறது?"

முதல்ல எனக்குத் தோணின பதில் சுலபமானது: பர்மிஷன் வாங்கு, பெயிண்ட் வாங்கு, சாரம் கட்டு. பிறகு யோசித்துப் பார்த்தால், அதெல்லாம் மூணாவது நாலாவது வேலை.

புது ஆறு தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். மேப்பில் இதன் பெயர் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது இல்லையா, அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டின கால்வாய் இது. காவிரி, வெண்ணாறு எல்லாம் எப்போதிலிருந்தோ ஓடுகிற ஆறுகள். இது மட்டும் மனுஷன் வெட்டினது, அதனால் ஊர்க்காரர்களுக்கு இது "புது" ஆறு. தொண்ணூறு வருஷம் ஆகியும் புதுசுதான். கல்லணையில் பிரிந்து, தஞ்சை நகரத்தின் நடுவே புகுந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி புதுக்கோட்டை மாவட்டம் வரை சுமார் 148 கிலோமீட்டர் போகிறது. 2 லட்சம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள், ஜனவரி 28 மூடுவார்கள். நடுவில் உள்ள நாலரை மாதம் கால்வாய் காய்ந்து கிடக்கும். நம்ம நண்பர் கண்ணில் பட்டது அந்தக் காய்ந்த சுவர்.

காய்ந்த கால்வாயில் வரையும் யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில், மழை வெள்ளம் போவதற்காகக் கட்டின ஒரு கான்கிரீட் வாய்க்கால் இருக்கிறது. அதன் சுவரில் 1976-ல் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் வரைய ஆரம்பித்தார். தனியாக இல்லை. போலீஸ், கோர்ட் என்று அலைந்துகொண்டிருந்த பசங்க உட்பட 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களை, சம்பளம் கொடுத்து, கோடைகளில் இறக்கினார். வரைந்தது என்ன? கலிஃபோர்னியாவின் பாடப்புத்தகத்தில் விட்டுப்போன வரலாறு. பூர்வகுடிகள், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர், இரண்டாம் உலகப் போரில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். ஐந்து கோடைகளில் சுமார் 840 மீட்டர் நீளம். முதலில் அந்த வாய்க்கால் ஓரத்தை அழகுபடுத்தித் தரச் சொல்லித்தான் அவரை அழைத்தார்கள். அழகுபடுத்தச் சொன்ன இடத்தில் அவர் ஊரோட சண்டையை வரைந்து வைத்தார்.

இந்த "அழகுபடுத்துதல்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

குதிரை செய்யும் முன்னால்

பொதுக்கலை, கம்யூனிட்டி ஆர்ட் என்றெல்லாம் சொன்னால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போல இருக்கு. நம்ம பக்கம் இதுக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கு: பிடிமண்.

தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஊர் எல்லையில் அய்யனார் கோயில்களில் வரிசையாக மண் குதிரைகள் நிற்கும், பார்த்திருப்பீங்க. அதைச் செய்கிறவர்கள் வேளார்கள். வேளார் தானாக ஒரு நாள் உட்கார்ந்து குதிரை செய்யத் தொடங்க மாட்டார். ஊர் கூடி, இந்த வருஷம் புரவி எடுப்பு நடத்தலாம் என்று முடிவு செய்து, ஊரிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப்போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் ஆர்டர், அதுதான் அட்வான்ஸ், அதுதான் அக்ரிமென்ட். பிறகு குதிரை தயாரானதும் ஊரே வந்து தோளில் தூக்கிக்கொண்டு போகும். கோயிலில் வைத்த பிறகு அது வெயிலிலும் மழையிலும் கரைய வேண்டியதுதான். யாரும் கண்ணாடிப் பெட்டி செய்வதில்லை. அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வரும்.

இதை ரொம்ப ரொமான்டிசைஸ் பண்ண வேண்டாம். "ஊர் கூடி" என்று சொல்லும்போது எந்தத் தெரு கூடுகிறது, எந்தத் தெருவைக் கூப்பிடவே இல்லை என்பது டெல்டாவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த மண்ணில் "சமூகம்" என்ற வார்த்தையை அப்படியே நம்பிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கைப்பிடி மண்ணில் ஒரு நல்ல கேள்வி இருக்கு: இந்த வேலையைச் செய்யச் சொன்னது யார்?

நம்ம நண்பரோட ப்ளானில் பிடிமண் கொடுத்தது அவரும் மூணு ஃப்ரெண்ட்ஸும். தப்பில்லை. ஆனா சுவர் 2 லட்சம் ஏக்கரோட சுவர்.

கண்ணகி நகர்

தமிழ்நாட்டில் சுவர் ஓவியம் என்று பேசினால் சென்னைக் கண்ணகி நகரைத் தாண்டிப் போக முடியாது. ஓஎம்ஆரில், துரைப்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில், கூவம் கரை, அடையாறு கரை உட்பட நகரத்தின் பல இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில், பள்ளிக்கூடம் வேறு மூலையில். அதைவிட மோசம், பெயர். இன்டர்வியூவில் கண்ணகி நகர் என்று அட்ரஸ் சொன்னால் வேலை கிடைக்காது என்று பக்கத்து ஏரியா அட்ரஸ் கொடுத்த பசங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன், பெருநகர சென்னை மாநகராட்சி, ஏஷியன் பெயின்ட்ஸ் மூணும் சேர்ந்து அந்த பிளாக்குகளின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைய வைத்தார்கள். சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த, சிரிக்கிற குழந்தைகளின் முகங்களைப் போட்டோவிலாவது பார்த்திருப்பீங்க. அதுவரை அந்தப் பக்கம் வராத ஆட்கள் கேமராவோடு வந்தார்கள்.

எனக்கு இதில் ரெண்டு மனசு. தன் தெருக் குழந்தையின் முகம் நாலு மாடி உயரத்துக்கு நிற்பதை ஒரு அம்மா தினமும் பார்த்துக்கொண்டு தண்ணி குடத்தைத் தூக்குகிறார் என்றால், அது சின்ன விஷயம் இல்லை. ஆனா குடம் இன்னும் கையில் இருக்கு, அதுவும் சின்ன விஷயம் இல்லை. வெளிச்சுவரில் பெயிண்ட், உள்ளே ஒழுகுகிற பைப் என்று கேட்டவர்களை "எதையும் குறை சொல்றவங்க" என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கேட்டதும் அதே பிடிமண் கேள்விதான்: எங்களிடம் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், ஓவியம் என்றா சொல்லியிருப்போம்?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்தவரை எல்லாரும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்று எழுதினார்கள். மறைத்து வைத்த அட்ரஸ் பேரோட ஒட்டிக்கொண்டது. எந்த ஓவியமும் அதைச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். (ஓவியர் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், கமென்ட் திறந்தே இருக்கு.)

இன்னொரு சென்னை உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவர். ஏ-கிலும் கத்ராவும் சேர்ந்து, தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோடு செய்தது, 2021-ல் முடிந்தது. முழுக்க முகங்கள். சிலருக்கு எச்ஐவி உண்டு, சிலருக்கு இல்லை. யாருக்கு உண்டு என்று கீழே நின்று பார்க்கிற உங்களால் சொல்ல முடியாது. அதுதான் அந்த ஓவியம் சொல்வதும். அங்கே அந்த மக்கள் வெறும் டெகரேஷன் இல்லை, அவர்கள் இல்லாமல் அந்தச் சுவருக்கு அர்த்தமே கிடையாது.

சரி, புது ஆறு

இப்போ நம்ம நண்பருக்கு வர்றேன். தம்பி, கேட்டுக்கோங்க.

அனுமதி விஷயம் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். கால்வாய்க் கரை நீர்வளத் துறையோடது. தெருச் சுவர் என்றால் மாநகராட்சி. மேம்பாலத் தூண் என்றால் அந்தப் பாலத்தைப் பராமரிக்கிற துறை. பெரிய கோயிலுக்கு 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு மேல் 200 மீட்டருக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். ஓவியம் கட்டுமானம் இல்லைதான். ஆனாலும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

தண்ணி விஷயம் கொஞ்சம் பெருசு. ஜூன் மாதம் இந்தச் சுவரில் பாதி முங்கும். முங்குகிற இடத்தில் அடிச்ச பெயிண்ட் ஒரு பருவத்தில் உரியும், உரிந்தது நேராக வயலுக்குப் போகும். கடைமடையில் குறுவை போடுகிறவர், தண்ணி வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர், அவருக்கு முதலில் வருவது உங்க ஓவியத்தோட செதில். வேண்டாம். தண்ணி மட்டத்துக்குக் கீழே கை வைக்காதீங்க. மேலே கைப்பிடிச் சுவர், கரையோரத் தடுப்புச் சுவர், பாலத்தின் பக்கவாட்டு, இது போதும்.

அடுத்தது என்ன வரைவது. தலையாட்டி பொம்மை, வீணை, கோபுரம், நடனப் பெண். நம்ம ஊர்ச் சுவரில் இவற்றைத் தவிர வேறு ஏதாவது பார்த்திருக்கீங்களா? டூரிஸ்டுக்காக ஊரே தன்னை ஃபிரிட்ஜ் மேக்னட் ஆக்கிக்கொண்ட மாதிரி இருக்கு. வேடிக்கை என்னன்னா, இந்த ஊரின் ஆகப் பழைய, ஆக நல்ல ஓவியங்கள் பெரிய கோயில் கருவறையைச் சுற்றின உள் நடையில் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். நீங்களும் நானும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆனா வெளியே, எல்லாரும் நடக்கிற இடத்தில், கல்லில் வெட்டி வைத்தது என்ன தெரியுமா? பெயர்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஒவ்வொருவரும் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை. ராஜா தன் பெருமைக்குத்தான் செய்தார், சந்தேகமே இல்லை. இருந்தாலும் ஆயிரம் வருஷம் கழித்து நமக்கு அந்த ஆடல் பெண்களின் வீடு தெரிகிறது.

அதனால என் யோசனை, எடுத்துக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்: படம் ஒன்று வரைங்க, பக்கத்தில் நீளமாக இடம் விடுங்க. அதில் ஒவ்வொரு வருஷமும் தண்ணி வந்த தேதி எழுதுங்க. மேட்டூர் திறந்தது ஒரு தேதி, தஞ்சாவூர் பாலத்துக்கு வந்தது ஒரு தேதி, கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு தேதி. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூன் 12 போய், ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025-ல் பழையபடி ஜூன் 12. மூணே வரி, ஆனா இதைப் படிக்கிற விவசாயிக்கு அதில் குறுவை, கடன், அடகு நகை எல்லாம் தெரியும். பாலத்தில் டூவீலரில் போகிற நமக்கும் அது கொஞ்சம் தெரியட்டும்.

மூணாவது தேதியை எழுத நீங்க பேராவூரணிப் பக்கம் யாரையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். வருஷா வருஷம் போன் பண்ண வேண்டும். பிடிமண்ணை அங்கிருந்து வாங்குங்க என்று சொல்வது இதுக்குத்தான். நடவு நடுகிற அம்மாக்களிடம் கேளுங்க. இப்போ மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நடவுக்கு வருகிறார்களே, அவர்களிடமும் கேளுங்க, அவர்கள் ஊர் வாய்க்கால் எப்படி இருக்கும் என்று.

கடைசியா ஒண்ணு. ஆரம்பத்தில் "அழகுபடுத்துதல்" என்ற வார்த்தையை மனசுல வெச்சுக்கச் சொன்னேன். கண்ணகி நகர்க்காரர்களில் பல பேர் ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள். கரையைச் சுத்தமாக்க அவர்களை எடுத்தோம், எடுத்து வைத்த இடத்தின் சுவரில் பிறகு படம் வரைந்தோம். எந்த ஊரிலும் கரையோரம் குடிசை போட்டு இருக்கிறவர்கள் உண்டு. நீங்க அனுமதிக் கடிதம் எழுதும்போது "கரையை அழகுபடுத்தும் பணி" என்று எழுதாதீங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஒரு ஜேசிபி வரலாம். "சுவர் ஓவியம்" என்று மட்டும் எழுதுங்க. எழுதுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கரையில் இறங்கி, அங்கே அடுப்பு எரிகிற வீடுகளில் கடிதத்தை வாசித்துக் காட்டுங்க.

கடிதத்தோட காப்பியை நமக்கும் அனுப்புங்க. பாலத்து மேலே இப்போ நிழலே இல்லை, நான் கிளம்பறேன்.