கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

ஸபா நாட்டு மக்களின் மஃரிப் அணை உடைந்த செய்தியை அல்குர்ஆன் 34ஆம் அத்தியாயம் 16ஆம் வசனம் பேசுகிறது. நன்றி மறந்த சமூகத்தின் மீது அல்லாஹ் அனுப்பிய வெள்ளம் அது என்பதை பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த அணை பெரும்பாலும் மண்ணால் கட்டப்பட்டது என்பதை அவ்வளவாகக் கேட்டதில்லை. நம் ஏரிக்கரைகளும் அதே இனம்தான்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளைக் கண்காணிக்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்கு உட்பட்டால் அதில் வரும். 10 மீட்டருக்குக் குறைவான கரை, அது தனியாருடையதாக இருந்தாலும் ஊராட்சியுடையதாக இருந்தாலும், அந்தக் கணக்கிலேயே இல்லை.

உயரம் மட்டும் அபாயத்தைச் சொல்லாது. அமெரிக்காவில் அணைகளை உயர், நடுத்தர, குறைந்த அபாயம் எனப் பிரிக்கிறார்கள். "உயர் அபாயம்" என்றால் அணை பலவீனமானது என்று பொருளல்ல. உடைந்தால் உயிர் போகக்கூடும் என்று பொருள். கரையில் ஒரு பிடி மண் மாறாவிட்டாலும், கீழே வீடு வந்தால் வகை மாறிவிடும். கென்யாவின் சோலாய் பகுதியில் 2018 மே மாதம் தனியார் பண்ணையொன்றின் மண் அணை உடைந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவு நேரம், கீழே குடியிருப்புகள்.

இதை வல்லம் வடகாலில் நின்று யோசிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரகடம் வரை வாடகை அறைகள் பெருகிவிட்டன. வயலாக இருந்த இடத்துக்குக் கரை உடைந்தால் ஒரு போக நெல் போயிருக்கும். இன்று அங்கே வெளியூர்ப் பிள்ளைகள் தூங்குகிறார்கள்; மேலே குட்டையொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

உரிமையாளரின் பொறுப்பு என்ன? ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் சாய்ந்த சுவர் பற்றிய சட்டம் உண்டு. தெருப்பக்கம் சாய்ந்த சுவரை இடிக்கும்படி உரிமையாளரிடம் சொல்லியும், அவகாசம் இருந்தும் அவர் இடிக்காமல் விட்டு, அது விழுந்து ஒருவர் இறந்தால் ஈட்டுத்தொகைப் பொறுப்பு உண்டு. சொல்லப்படாதவரை அந்தப் பொறுப்பு இல்லை. மண் கரைக்கும் இதை ஒப்பிடலாம் என்பதே நம் கருத்து.

ஆகவே சொல்ல வேண்டியது கீழே வசிப்பவர்களின் வேலையும்தான். எதைச் சொல்வது? கரையடியில் தெளிந்த கசிவு வந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. அன்றே ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். மீனுக்காகவோ கூடுதல் தண்ணீருக்காகவோ கலங்கலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தால், பெருமழையில் நீர் கரைமேல் ஏறிவிடும். மண் கரை அதைத் தாங்காது. எலி வளை, பெருமரங்களின் வேர் ஆகியவற்றையும் பாருங்கள்.

உரிமையாளரிடம் சாட்சிகளோடு சொல்லுங்கள். வட்டாட்சியருக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே செய்ய வேண்டியது இது.