பல துளைக்கருவி இசைஞர்

மேலைநாட்டு இசையில் புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ, பசூன், சாக்சபோன் ஆகியவை ஒரே குடும்பத்துத் துளைக்கருவிகளாகக் கருதப்படுகின்றன. சிம்பொனிக் குழுக்களில் பெரும்பாலும் ஒருவர் ஒரு வகைக் கருவியோடு நின்றுவிடுவார். இவற்றுள் பலவற்றை ஒரே நிகழ்ச்சியில் மாற்றி மாற்றி வாசிப்பவர் பல துளைக்கருவி இசைஞர் ஆவார்.

இவ்வகைக் கலைஞரை வளர்த்தவை அமெரிக்க நடன இசைக்குழுக்களும் நாடக அரங்குகளும் ஆகும். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் சறுக்கியபடி மேலேறும் கிளாரினெட் ஒலி உலகப் புகழ் பெற்றது. அதை வாசித்த ராஸ் கோர்மன் ஓபோ, சாக்சபோன் முதலியவற்றிலும் கைதேர்ந்தவர். இன்றும் பிராட்வே இசைநாடகங்களில் ஒரு துளைக்கருவி இருக்கைக்கு மூன்று, நான்கு கருவிகள் ஒதுக்கப்படுவது வழக்கம். மேடைக்குக் கீழுள்ள குழியில் இடம் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம், செலவு மற்றொன்று.

கடினம் எங்கே?

விரல்களைப் பழக்குவதைவிட வாயைப் பழக்குவதே கடினம். நாகசுரத்தைப் போல ஓபோவும் பசூனும் இரட்டைச் சீவாளி கொண்டவை. கிளாரினெட்டிலும் சாக்சபோனிலும் ஒற்றை நாணல் தகடே உண்டு. ஆயினும் கிளாரினெட்டுக்கு உதடு இறுகியிருக்க வேண்டும், சாக்சபோனுக்குச் சற்றுத் தளர வேண்டும். மேலைப் புல்லாங்குழலில் தகடே இல்லை. துளையின் விளிம்பில் காற்று மோதிப் பிளப்பதால் ஒலி பிறக்கிறது. ஓபோவின் துவாரம் மிகச் சிறியது. ஆகவே வாசிப்பவரிடம் காற்று தீர்வதில்லை, தேங்கிவிடுகிறது. பழைய மூச்சை வெளியேற்றிய பிறகே புதிய மூச்சை இழுக்க முடியும். புல்லாங்குழலுக்கோ மூச்சு போதவே போதாது. சில நொடிகளில் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுக்கும்போது இத்தனையும் மாற வேண்டும். காத்திருக்கும் கருவி குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும், சீவாளியும் உலர்ந்திருக்கும்.

விரலமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சாக்சபோனில் இடக்கை மூன்று விரல்களால் மூடினால் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் 'ஜி' சுரமே வரும். கிளாரினெட்டில் அதே விரல்களோடு கட்டைவிரல் துளையையும் மூடினால் 'சி' வரும். மேலேற்றும் சாவியை அழுத்தினால் அதற்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமமான 'ஜி' ஒலிக்கும். இதனால் கிளாரினெட்டை முதலில் கற்பிப்பதே நல்லது என்பது பல ஆசிரியர்களின் கருத்து. சாக்சபோனில் தளர்ந்து பழகிய உதட்டைப் பின்னர் இறுக்குவது பெரும்பாடு.

'எல்லாம் தெரிந்தவருக்கு எதுவும் முழுதாகத் தெரியாது' என்ற ஏளனமும் இவர்களுக்குப் பழக்கமானது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நான்கு கருவிகளுக்கும் நாளின் பொழுது ஒன்றுதான். முதற்கருவியின் சாதகம் குறைந்தால் அது ஒலியில் தெரிந்துவிடும்.

யூசெஃப் லதீஃப்

இந்த ஏளனத்திற்குத் தக்க விடையாக அமைந்தவர் யூசெஃப் லதீஃப் (1920–2013). டெட்ராய்ட்டில் வளர்ந்த இவர் டெனார் சாக்சபோன் கலைஞராக 1949இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் வாசித்தார். பெயர் பெற்ற பின்னரும் மாணவராகி வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் பயின்றார். ஓபோவையும் முறையாகக் கற்றார். 1961இல் பதிவான 'ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்' இசைத்தொகுப்பில் அவரது ஓபோ சாக்சபோனின் சாயலின்றித் தனிக்குரலில் பாடுகிறது. வட இந்திய ஷெனாயும் அவர் கைக்கு வந்த கருவிகளுள் ஒன்று.

1975இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது கல்வியியலில் என்பது கவனிக்கத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் நைஜீரியாவின் சாரியாவில் உள்ள அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். பின்னர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார். 'ஜாஸ்' என்ற சொல்லை அவர் விரும்பவில்லை. உடல், மனம், ஆன்மா மூன்றிலிருந்தும் எழுவதே தம் இசை என்று விளக்கினார். சுர வரிசைகளைத் தொகுத்து அவர் எழுதிய பயிற்சி நூலை எந்தத் துளைக்கருவி மாணவரும் பயன்படுத்தலாம். 'லிட்டில் சிம்பொனி' என்ற தொகுப்பில் எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துப் பதிவு செய்தார். அதற்குக் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 67.