கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன்

 தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அடுத்தது பொத்தேரி. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும் இடம். அந்தக் கூட்டத்தில் தோளில் பெரிய கிட் பையும் விரல்களில் சுற்றிய டேப்புமாக நாலைந்து உயரமான பெண்கள் தென்பட்டால் அவர்கள் வாலிபால் ஆடுகிறவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மகளிர் கைப்பந்துப் பட்டத்தை வென்ற அணி அந்த வளாகத்து அணி.

அந்த இடம் வரை வந்து சேர ஒரு பெண்ணுக்கு ஏழெட்டு வருடம் ஆகிறது. ஆறாவது, ஏழாவது படிக்கும்போது வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக நிற்கும் பிள்ளையை பி.டி. டீச்சர் பார்த்துவிடுகிறார். அடுத்து ஜோனல், மாவட்டம். அங்கே கண்ணில் பட்டால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி. பிறகு ஜூனியர் நேஷனல்ஸ். அந்தச் சான்றிதழைக் கொண்டு கோட்டாவில் கல்லூரி. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் மூன்றும் பந்தினால் கிடைக்கின்றன. விவசாயக் கூலி வீட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு ஈடாகப் பந்து கேட்பதும் கொஞ்சமில்லை. மகளிர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.24 மீட்டர். அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டராக ஆடும் பெண் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தலைக்கு மேலே விரல் நுனிகளால் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். பந்து விரலில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கினால் ஆட்டத்தில் விசில் விழும். தங்காமல், ஆனால் சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். அட்டாக்கருக்கு முழங்கால்தான் பாடு. எம்பி அடித்துவிட்டு நிலை தவறி ஒற்றைக் காலில் இறங்கும்போது மொத்த எடையும் அந்த மூட்டில் விழுகிறது. சிறுவயதில் சிமென்ட் தரையில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. கல்லூரியின் கடைசி வருடத்தில் அது நடந்தால் வேலைக்கான ட்ரயல்ஸும் கையைவிட்டுப் போகும்.

அந்த ட்ரயல்ஸைத் தாண்டினால்தான் இங்கே ஒரு பெண் தொடர்ந்து ஆட முடியும். ரயில்வே, வருமான வரித்துறை, அஞ்சல், காவல்துறை; மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு. தேசிய சாம்பியன்ஷிப்பில் ரயில்வே மகளிர் அணி வருடக்கணக்காக ஆதிக்கம் செலுத்தியதன் காரணமும் இதுதான்: நாட்டின் சிறந்த பெண்களுக்கு அது சம்பளம் கொடுத்தது. கே.சி. ஏலம்மா (1975), சாலி ஜோசப் (1984) என இரண்டு அர்ஜுனா வீராங்கனைகளைத் தந்த கேரளத்திலும் மின்வாரியம் போன்ற துறை அணிகளே பெண்களைத் தாங்கிப் பிடித்தன. இந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடும்பங்களை நிமிர்த்திய ஏற்பாடு இது. ஆனால் அந்தச் சம்பளம் குமாஸ்தாவுக்கான சம்பளம். ஆட்டத்துக்கென்று தரும் சம்பளம் அல்ல.

ஜப்பானும் இப்படித்தான் தொடங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்ற அணியில் பெரும்பாலானவர்கள் நிச்சிபோ என்ற நெசவு ஆலையின் ஊழியர்கள். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை. மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை பயிற்சியாளர் ஹிரோபுமி டைமட்சுவிடம் பயிற்சி. நம் ரயில்வே பெண்களின் வாழ்க்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் பிறகு வந்தது. 1967-லேயே அங்கே நிறுவன அணிகளைச் சேர்த்து லீக் தொடங்கிவிட்டார்கள்.

தென்கொரியாவில் 2005-ல் வி-லீக் தொடங்கியபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே தொடங்கினார்கள். பள்ளியை முடிக்கும் தறுவாயில் இருந்த கிம் யோன்-கியுங், 2005-06 சீசனில் ஹுங்குக் லைஃப் அணியில் சேர்ந்தார். நடுநிலைப் பள்ளியில் குள்ளமாக இருந்ததால் செட்டராகவும், தற்காப்பு மட்டும் ஆடும் லிபரோவாகவும் ஆட வைக்கப்பட்டவர். பிறகு 192 செ.மீ. வளர்ந்தார். முதல் சீசனிலேயே புதுமுக விருதும் மதிப்புமிக்க வீராங்கனை விருதும் அவருக்கே. பிறகு ஜப்பான், துருக்கியின் ஃபெனர்பாச்சே, ஷாங்காய், மறுபடி துருக்கி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 207 புள்ளிகள் எடுத்தார். அணி நான்காவது இடத்தில் முடித்தும் சிறந்த வீராங்கனை விருது அவரைத் தேடி வந்தது. 2020-ல் ஊர் திரும்பியபோது சம்பளத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டார். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இளையவர்களின் பங்கு குறையக் கூடாது என்பது காரணம். 2025-ல் பட்டம் வென்று ஓய்வு பெற்றார். விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஒரு பெண்ணுக்கு வாலிபாலில் சம்பளம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி நம் கதை. 2019 ஜனவரியில் சென்னையில் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. மகளிர் இறுதிப் போட்டியில் கேரளம் ரயில்வேயை வீழ்த்தியது. அடுத்த மாதமே நேரு உள்விளையாட்டரங்கில் ப்ரோ வாலிபால் லீக் இறுதி ஆட்டம். தொலைக்காட்சி, விளம்பரம், ஏலத்தில் எடுத்த வீரர்கள், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். சென்னை ஸ்பார்டன்ஸ் கோப்பையை வென்றது. ஆறு அணிகளும் ஆண்கள் அணிகள். 2022-ல் ப்ரைம் வாலிபால் லீக் வந்தபோதும் ஆண்கள் மட்டும். இதற்கிடையே 2019 டிசம்பரில் காத்மாண்டில், சொந்த மண்ணில் ஆடிய நேபாளத்தை 3-2 என்று வென்று தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தைக் கொண்டுவந்தது இந்திய மகளிர் அணி. அவர்கள் திரும்பிப் போனது ஏலத்துக்கு அல்ல, அலுவலகங்களுக்கு.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்ற பதிலை நான் ஏற்கவில்லை. மகளிர் கைப்பந்தில் பந்து அவ்வளவு எளிதில் தரையில் விழாது. ஒரு புள்ளிக்கு வலையைத் தாண்டிப் பந்து பலமுறை போய்வருவதுண்டு. பார்க்கிறவர்களை உட்கார வைப்பதே அந்த இழுபறிதான். அணிகளைப் புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை. ரயில்வே, துறை அணிகள், பல்கலைக்கழக அணிகள் என எல்லாம் இருக்கின்றன. இல்லாதது, சில மாதங்கள் தொடர்ந்து ஓடும் ஒரு போட்டி அட்டவணையும் ஆட்டத்துக்கென்று தரும் சம்பளமும்தான்.

லீக் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள்: அடுத்த சீசனில் நான்கு மகளிர் அணிகளோடு தொடங்குங்கள். வாசகர்களிடம் ஒன்று: உங்கள் பகுதியில் மகளிர் கைப்பந்துப் போட்டி நடந்தால் வீட்டுப் பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.