வளையத்துள் வளையம்: வீட்டிலே கோக்கும் சங்கிலி நகை

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டதை இம்மலரைப் படிப்போரில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அந்தச் சிலைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் வீடு. கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருநாள் கண்காட்சி ஒன்றில் செம்புக் கைச்சங்கிலி வாங்கி வந்தாள். 'செயின் மெயில்' என்று அதற்குப் பெயராம். விலையைக் கேட்டதும் என் மாமியார், "என்ன கண்ணு, இதுக்கா இவ்வளவு காசு குடுத்த? எங்கூர்ல பிள்ளைங்க மடியில வளையத்தைக் கொட்டிக்கிட்டுக் கதை பேசிக்கிட்டே கோப்பாங்களே!" என்றார். அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர். இக்கட்டுரைக்கு விதை அந்தப் பேச்சுதான்.

'செயின் மெயில்' என்பது போர்க்கவசம். இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் சட்டைபோல் ஆக்குவது. கெல்ட் இனத்தார் கிறித்துவுக்கு முன்னரே இதை அறிந்திருந்தனர். அவர்களிடமிருந்து உரோமானியர் எடுத்துக்கொண்டனர் என்பர். ஒரு வளையத்தைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களில் மாட்டுவதே பரவலான முறை. நம் பக்கத்திலும் இது புதிதன்று. இங்கிருந்து வடக்கே உள்ள ஆதோனிக் கோட்டையை முகலாயப் படை 1689இல் வென்றபின், அப்படையில் இருந்த பிகானேர் மன்னர் அனூப் சிங் அங்கிருந்த ஆயுதங்களைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். அவற்றில் தக்காணத்து வளையக் கவசங்களும் உண்டு. சில கவசங்களில் வளையத்தின் நடுவே ஒரு குறுக்குக் கம்பியும் இருக்கும். இரும்போடு பித்தளை வளையங்களைக் கலந்து கோலம்போல் அமைத்த கவசங்களும் இந்தியாவில் செய்யப்பட்டன. ஆளைக் காக்கப் போடுகிற சட்டையிலும் அழகு பார்த்திருக்கிறார்கள்!

நகையாக வளையம் கோப்பது நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த நகைகளுள் சங்கிலியும் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் காலத்து நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்து, முத்துகளை எண்ணி, பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. சேலத்தில் வெள்ளிக் கொலுசு இன்றும் வீட்டுத் தொழில்தான். ஒரு வீட்டில் உருக்குவார்கள், இன்னொரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், வேறொரு வீட்டில் வளையம் கோப்பார்கள், மற்றொரு வீட்டில் பொடி வைத்து ஊதுவார்கள். ஒரே கொலுசு நாலைந்து வாசல் ஏறி இறங்கும். 'பொடி வைத்துப் பேசுவது' என்று நாம் சொல்வதே பத்தரின் பற்றவைப்பிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்தக் கைகளுக்கு ஒருமுறை பெரிய அடி விழுந்தது. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புதிய நகை செய்யக் கூடாது என்றன. நாடெங்கும் பத்தர்கள் வேலை இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966இல் அந்தத் தடை தளர்ந்தது. 1968இல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. அதற்குள் பல வீடுகளில் பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். கம்பியச்சு, கும்மட்டி, வெண்காரம் என்று என் மாமியார் சொல்லும்போது என் மகள் ஒவ்வொன்றுக்கும் "அப்படின்னா?" என்று கேட்கிறாள். எனக்கே பாதி தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். நெருப்பு வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். எஸ்.ஜே.பி. சாலையில் கிடைக்கும் 1 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். மோட்டார் சுற்றும் கம்பிமேல் அரக்குப் பூச்சு இருக்கும், அது வேண்டாம். பூச்சில்லாதது என்று கேட்டு வாங்குங்கள். 3.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான காம்பில் கம்பியை நெருக்கமாகச் சுருள்போல் சுற்றி, கழற்றி, ஒரு பக்கமாக வெட்டினால் வளையங்கள் உதிரும். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். வெட்டுக் குறடு முனையைக் கிள்ளிவிடும். மெல்லிய ரம்பத்தால் அறுத்தால் வாய் ஒட்டி மூடும்.

கணக்கு முக்கியம். வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து வருகிற எண்தான் இந்தக் கலையின் சூத்திரம். நான் சொல்லப்போகும் பின்னலுக்கு அது மூன்றரை. மூன்றுக்குக் கீழே போனால் வளையம் நுழையாது. ஐந்துக்கு மேல் போனால் சங்கிலி தொளதொளவென்று தொங்கும். ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் கம்பி பிடிக்கும். ஒரு கைச்சங்கிலிக்கு இருநூறு வளையம் முன்பின் ஆகும். ஆக, மூன்று மீட்டர் கம்பி, 21 கிராம் செம்பு.

பின்னலுக்குப் பைசாந்தியச் சங்கிலி என்று பெயர். இரண்டிரண்டு வளையமாக மூன்று ஜோடி கோத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஜோடியைப் பிரித்து, ஒன்றை இப்புறமும் மற்றதை அப்புறமுமாகப் பின்னால் மடியுங்கள். நடு ஜோடியை நகத்தால் விலக்கினால் மடிந்த வளையங்களின் தலை உள்ளே தெரியும். அந்தத் தலைகள் வழியே புதிய ஜோடியை மாட்டினால் பூட்டு விழுந்துவிடும். அதன்மேல் இன்னும் இரண்டு ஜோடி கோத்து, கடைசி ஜோடியை மறுபடி மடித்து, பழையபடி பூட்டுங்கள். இதே தாளம்தான் கடைசிவரை. முதல் மடிப்பில் எல்லோருக்கும் கை குழம்பும். எனக்கு மூன்று மாலை போயிற்று. என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொலுசுக்கு இந்த மடிப்பு இல்ல" என்று சொல்லி, தாமும் உட்கார்ந்துவிட்டார்.

வளையத்தை இழுத்து அகட்டித் திறக்காதீர்கள். இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னுக்கும் மறுமுனையைப் பின்னுக்குமாகத் திருகுங்கள். அகட்டினால் வட்டம் கெட்டுவிடும், திரும்ப வராது. மூடும்போது சற்றுத் தாண்டித் திருகி மீட்டால் வாய் கச்சிதமாக உட்காரும். சேலைநூலை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் வாய் சரியில்லை.

ஓர் எச்சரிக்கை. 'வெள்ளிக் கம்பி' என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததை நான் நம்பி வாங்கினேன். கழுத்தில் போட்ட பத்தாம் நாள் மகளுக்குச் செந்தடிப்பு, அரிப்பு. அது ஜெர்மன் சில்வர்! பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போவதில்லை. ஐரோப்பிய நாடுகள் 1994லேயே தோலில் படும் பொருள்களில் நிக்கல் கசிவுக்கு வரம்பு கட்டிவிட்டன. தோடு, மூக்குத்தி போன்றவற்றுக்கு இது இன்னும் கண்டிப்பு. ஆகவே கற்றுக்கொள்ளும்போது செம்பு. கை பழகியபின் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி உள்ள கம்பியைச் சிவாஜிநகர் ஜுவல்லர்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் நம்பிக்கையான இடத்தில் சோதித்து வாங்கலாம். அதே கைச்சங்கிலி வெள்ளியில் 24 கிராம் வரும்.

செம்பு வியர்வையில் பச்சை விடும். அதற்கு நம் புளிதான் மருந்து. தேய்த்து, நன்றாகக் கழுவி, துடைத்து, வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் மறுநாளே கறுக்கும். கொக்கிக்கு அதே கம்பியை 'எஸ்' வடிவில் வளைத்து, சுத்தியால் லேசாகத் தட்டி இறுக்கினால் போதும். இப்போது ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியும் பேத்தியும் நடுவில் ஒரு தட்டு வளையத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எழுபதைத் தாண்டிய கண்ணுக்கு 1 மில்லிமீட்டர் சிரமம் என்பதால், பாட்டிக்கு மட்டும் 1.2 கம்பியும் 4.2 காம்பும்.